வீட்டோட நிண்டு வேலை செய்யிறவங்களுக்கு லீவு நாள்: மட்டக்களப்பு, அம்பாறை வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கட அம்மா குவைத்துக்குப் போகக்குள்ள எனக்கு ஒன்பது வயசு. ரெண்டு தரமாப் போய் மொத்தம் ஏழு வருஷம் ஒரே வீட்டில நிண்டவ. திரும்பி வந்த மறுகா ஒருநாள் அவட்ட கேட்டன், அங்க உங்களுக்கு ஆகக் கஷ்டமா இருந்தது எது எண்டு. சாப்பாடு எண்டு சொல்லுவா, இல்லாட்டி வெக்கை எண்டு சொல்லுவா எண்டுதான் நினைச்சன். அவ சொன்னது, "ஆரும் என்ட பேரைச் சொல்லிக் கூப்பிடாம ஒரு அரை நாள் இருக்கக் கிடைக்கல்ல மகள்" எண்டு.

இப்ப கல்லடியில எங்கட வீட்டில மாமிக்கு பாரிசவாதம் வந்து படுக்கையில, நானும் அவரும் வேலைக்குப் போறவங்க, அதால வாகரைப் பக்கமிருந்து ஒரு அக்கா வந்து வீட்டோட நிக்கிறா. முதல் வருஷம் அவவுக்கு நான் ஞாயிற்றுக்கிழமை லீவு குடுக்கிறன் எண்டு எல்லார்ட்டயும் சொல்லிக்கொண்டு திரிஞ்சன். ஆனா ஒரு ஞாயிறு அவ ஊருக்குப் போற பஸ்ஸில இருக்கக்குள்ள நான் நாலு தரம் போன் எடுத்திருக்கிறன், மாத்திரை எங்க, பம்பர்ஸ் எங்க, மாமி ரெண்டு வாய்க்கு மேல கஞ்சி குடிக்கிறாவில்லையே எண்டு. அண்டைக்கு இரவு அவ திரும்பி வந்து முகம் கழுவாமலே மாமிட அறைக்குள்ள போனதைப் பார்க்கத்தான் அம்மா சொன்னது எனக்கு முழுசா விளங்கினது. வேலை குறைஞ்ச நாள் லீவு நாள் இல்ல. அந்த நாள் முழுக்க அவவுட கையில இருந்தாத்தான் அது லீவு. நான் கீழ எழுதுறது எல்லாம் அந்த ஒரு விஷயத்தைச் சரியாச் செய்யிறதுக்கான வழிதான், நாங்க பிழைச்சு பிழைச்சுப் படிச்சது.

முதல்ல சட்டம் எங்க நிக்குது எண்டு தெரிஞ்சு கொள்ளுங்க

கடையில, ஒபிஸில வேலை செய்யிற பிள்ளைக்கு 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒண்டு இருக்கு, நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம், கிழமைக்கு ஒன்றரை நாள் சம்பளத்தோட லீவு. கல்முனை பஸாரில ஒரு துணிக்கடையில நிக்கிற பிள்ளைக்கு இது பொருந்தும். அதே பிள்ளை அந்தக் கடை முதலாளிட வீட்டுக் குசினியில நிண்டா அந்தச் சட்டம் பொருந்தாது. ஊழியர் சேமலாப நிதி எண்ட ஈபிஎப்க்கான சட்டம் 1958ல வந்தது, வீட்டு வேலை அதுக்குள்ள இல்ல. வேலையை விடக்குள்ள காசு குடுக்கச் சொல்ற 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டமும் தனியார் வீட்டில வேலை செய்யிறவங்களை வெளியிலதான் விட்டிருக்கு. வீட்டு வேலைக்கெண்டே இருக்கிறது 1871ல வெள்ளைக்காரன் காலத்தில வந்த பதிவுச் சட்டம், அது வேலைக்காரங்களைப் பதிஞ்சு வைக்கத்தான் சொல்லுது, அவங்க எப்ப ஓய்வெடுக்கிற எண்டு அதில ஒரு வரியும் இல்ல.

இதை வாசிச்சிட்டு "அப்ப நாங்க லீவு குடுக்கத் தேவையில்லயா" எண்டு ஆரும் கேட்டா எனக்கு உண்மையிலேயே கவலையாத்தான் இருக்கும். சட்டத்தில ஓட்டை இருக்கிறதாலதான் வீட்டுக்காரர்ட நேர்மை இங்க இவ்வளவு பெரிய விஷயமாகுது. அளவுகோல் ஒண்டு வேணுமெண்டா சர்வதேச தொழில் அமைப்பான ஐஎல்ஓட 189ஆம் இலக்க உடன்படிக்கை இருக்கு, 2011 ஜூன் 16ல நிறைவேற்றினது, அதால ஜூன் 16ஐ உலகம் முழுக்க வீட்டுப் பணியாளர் தினமாக் கொண்டாடுறாங்க. அது சொல்றது சுருக்கமா இவ்வளவுதான்: கிழமைக்கு ஒருக்கா தொடர்ச்சியா 24 மணித்தியாலம் ஓய்வு, அந்த நேரத்தில வீட்டிலேயே இருக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த ஏலாது, ஐடென்டிடி கார்ட்டும் பாஸ்போர்ட்டும் அவங்கட கையிலதான் இருக்கணும், மாசம் ஒருக்காவாவது சம்பளம் காசாக் கையில வரணும்.

ஆளை எடுக்க முதல்

வயசைப் பாருங்க. 2021ல இலங்கையில வேலை செய்யக்கூடிய ஆகக்குறைஞ்ச வயசை 14ல இருந்து 16 ஆக்கினாங்க. அதே வருஷம் ஜூலையில மலையகத்து டயகமவைச் சேர்ந்த 16 வயசுப் பிள்ளை கொழும்பில வேலைக்கு நிண்ட வீட்டில தீக்காயத்தோட ஆஸ்பத்திரிக்குப் போய் இறந்தது, நாங்க எல்லாரும் அப்ப அழுதம், போஸ்டர் ஒட்டினம். நான் சொல்றது, 18 ஆகாத பிள்ளையை வீட்டு வேலைக்கு எடுக்கவே வேணாம். "தாய் தகப்பன் கஷ்டப்பட்டவங்க, எங்கட வீட்டில நிண்டா படிக்க வைக்கிறம்" எண்டு ஆர் கொண்டு வந்து விட்டாலும் வேணாம். படிக்க வைக்க விருப்பமெண்டா அந்தப் பிள்ளைட வீட்டில வெச்சே படிப்பிக்கலாம்.

மறுகா, ஏஜென்ட் மாதிரி நடுவில நிக்கிற ஆளோட மட்டும் கதைக்காதீங்க. வாற ஆளோட நேர இருந்து கதையுங்க. சம்பளம் எவ்வளவு எண்டதோட கதை முடியக்கூடாது. வீட்டில எத்தனை பேர், நோயாளி இருக்காங்களா, இரவில ஒழும்ப வேண்டி வருமா, நாய் இருக்கா, பாத்ரூம் கழுவிற வேலை இருக்கா, ஆம்பிளப் பிள்ளைகள் எத்தனை, எல்லாம் முதல்லயே சொல்லணும். அவட்டயும் கேளுங்க: பிள்ளைகள் ஆர்ட்ட நிக்கிறாங்க, எந்த நாள் அவவுக்குக் கட்டாயம் வேணும், கோயிலா, சேர்ச்சா, வெள்ளிக்கிழமையா. எங்கட பக்கம் இது பெரிய விஷயம். அக்கரைப்பற்றில ஒரு முஸ்லிம் வீட்டில திருக்கோவில் ஆள் நிண்டா அவவுக்கு ஆடி அமாவாசைக்கு முருகன் கோயில் தீர்த்தத்துக்குப் போகணும், மட்டக்களப்பில ஒரு தமிழ் வீட்டில ஏறாவூர் ஆள் நிண்டா நோன்பில வேலை நேரம் மாத்தணும், விடிய முதல் சாப்பிடுற சஹருக்கு ஒழும்பிறவவை விடிய ஆறு மணிக்கு திருப்பி எழுப்பக்கூடாது.

கதைச்சதை ஒரு சிஆர் கொப்பியில எழுதுங்க. ஒரு பக்கம் காணும். என்ன வேலை, எத்தனை மணியில இருந்து எத்தனை மணி, எந்த நாள் லீவு, சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதி, வேலையை விடுறதெண்டா எத்தனை நாள் முன்கூட்டிச் சொல்லணும். ரெண்டு பேரும் கையெழுத்து வெச்சு ஒரு பிரதி அவட்ட குடுங்க. வாசிக்கத் தெரியாட்டி அவ நம்புற ஒரு ஆளை வெச்சு வாசிச்சுக் காட்டுங்க. "நம்பிக்கைதான் முக்கியம், எழுத்து என்னத்துக்கு" எண்டு எங்கட மாமாவும் கேட்டவர், ஆனா ஒரு வருஷத்துக்குப் பிறகு ஆர் என்ன சொன்னது எண்டு ரெண்டு பக்கமும் மறந்து போகும், அப்ப நட்டம் எப்பவும் அவங்களுக்குத்தான்.

மணித்தியாலத்தை எண்ணிப் பாருங்க

ஒரு கிழமைக்கு கொப்பியில எழுதிக்கொண்டு வாங்க, அவ எப்ப ஒழும்பினா, எப்ப இருந்து சாப்பிட்டா, எப்ப படுத்தா எண்டு. நாங்க எழுதின கிழமை வந்த கணக்கு: விடிய 5.30ல இருந்து 9.30 வரைக்கும், 10ல இருந்து 1.30 வரைக்கும், பின்னேரம் 3.30ல இருந்து இரவு 8.30 வரைக்கும். கூட்டினா நாளைக்கு 12.5 மணித்தியாலம், ஏழு நாளும் எண்டா 87.5. அதுவரைக்கும் நான் நினைச்சது ஒரு எட்டு மணித்தியாலம் வேலை இருக்கும் எண்டு. அதை எழுதிப் பார்த்த இரவு எனக்கு நித்திரை வரல்ல.

குறைச்சது இப்பிடித்தான். விடிய தேத்தண்ணியும் மாமிட முதல் மாத்திரையும் என்ட வேலை, அவ 6 மணிக்குத்தான் தொடங்குவா. இரவுச் சாப்பாடு 6.30க்கே சமைச்சு முடியும், நாங்களே போட்டுச் சாப்பிட்டு கோப்பையை நாங்களே கழுவுவம். 6 - 9.30, 10 - 1, 3.30 - 7, அவ்வளவுதான், 10 மணித்தியாலம். ஆறு நாளைக்கு 60. இதுவும் கூடத்தான், ஒபிஸ் ஆக்கள்ட 45ஓட பார்த்தா. ஆனா 87.5ல இருந்து வந்திருக்கிறம், இன்னும் குறைக்கப் பார்க்கிறம்.

இரவு விஷயத்தைத் தனியாச் சொல்லணும். வயசான ஆளைப் பார்க்கிற வீட்டில இரவில ரெண்டு மூண்டு தரம் ஒழும்பிறது எண்டா அது வேலைதான், "பக்கத்தில படுத்திருக்கிறாதானே" எண்டு விட ஏலாது. கிழமையில ஆகக்குறைஞ்சது மூண்டு இரவாவது வீட்டு ஆக்கள் மாறிப் படுங்க. அவ ஒழும்பின இரவுக்கு அடுத்த நாள் பகல் ரெண்டு மணித்தியாலம் கதவைச் சாத்திக்கொண்டு படுக்க விடுங்க.

லீவு நாளை எப்பிடி உண்மையான லீவாக்கிற

நிறைய வீடுகள்ல லீவு எண்டு சொல்லிக்கொண்டு நடக்கிறது என்னெண்டா, விடிய சமைச்சு வெச்சிட்டுப் போகச் சொல்றது, பின்னேரம் ஆறு மணிக்கு முதல் வரச் சொல்றது. காலையில அஞ்சு மணித்தியாலம் வேலை செய்து, வாகரைக்குப் போக ரெண்டு மணித்தியாலம், வர ரெண்டு மணித்தியாலம். பிள்ளைட முகத்தைப் பார்த்து ஒரு பிடி சோறு தின்ன நேரமில்லாம திரும்பி பஸ் ஏறணும். அதை லீவு எண்டு சொல்ல ஏலாது.

லீவு முதல் நாள் பின்னேரத்திலேயே தொடங்கணும். எங்கட வீட்டில சனி பின்னேரம் 4 மணிக்கு அக்கா வெளிக்கிடுவா, ஞாயிறு இரவு வந்தாலும் வேலையில்ல, திங்கள் விடிய 6 மணிக்குத்தான் வேலை. அப்பத்தான் தொடர்ச்சியா ஒரு முழு நாளும் ஒரு இரவும் அவவுக்குக் கிடைக்கும். ஊர் கிட்ட எண்டா இவ்வளவு யோசிக்கத் தேவையில்ல, 2014ல மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஆள் எண்டா படகுப்பாதைக்கு காத்துக்கொண்டு நிக்காம கெதியாப் போய்ச் சேரலாம். ஆனா வாகரை, கதிரவெளி, இல்லாட்டி அங்கால பொத்துவில், இல்லாட்டி மலையகம் எண்டா தூரத்தைக் கணக்கில எடுக்கத்தான் வேணும். மலையகத்து ஆக்களுக்கு கிழமைக்கு ஒருநாள் வீட்டுக்குப் போக ஏலாது. அவங்களுக்கு கிழமை லீவில ஒண்டு ரெண்டைச் சேர்த்து மாசத்துக்கு ஒருக்கா ரெண்டு மூண்டு நாளா எடுக்கலாமா எண்டு கேளுங்க. அவங்க விரும்பினா மட்டும் அப்பிடிச் செய்யுங்க, அப்பவும் ஊருக்குப் போகாத கிழமையில இங்கேயே ஒரு நாள் சும்மா இருக்க விடணும்.

அந்த நாளைக்கு ஆர் வேலை செய்யிற எண்டு வெள்ளிக்கிழமையே தீர்மானிக்கணும். இதுதான் எல்லா வீட்டிலயும் உடையிற இடம். லீவு குடுக்க எல்லாருக்கும் மனசு இருக்கு, ஆனா ஞாயிறு விடிய மாமியைத் தூக்கிக் கழுவ ஆளில்ல. நாங்க செய்தது: அவரும் நானும் மாறி மாறி, மாசத்தில ஒரு ஞாயிறு மச்சாள் ஆரையம்பதியில இருந்து வருவா. அவர் முதல்ல தாயைக் கழுவக் கூச்சப்பட்டவர், அக்காட்ட ரெண்டு நாள் நிண்டு பழகினார், இப்ப என்னை விட நல்லாச் செய்வார். மாத்திரை எல்லாம் நேரம் எழுதின டப்பாவில போட்டு, எந்த உடுப்பு எங்க, எந்தக் கிறீம் எங்க எண்டு ஒரு கடதாசியில எழுதி அலுமாரிக் கதவில ஒட்டினம். அந்தக் கடதாசிதான் அந்த நாலு போனையும் நிப்பாட்டினது.

போன் எடுக்கவே கூடாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற அளவு அவசரமெண்டா எடுங்க, அதுக்கும் அவ பதில் சொல்லியே ஆகணும் எண்டில்ல. வட்ஸ்அப்பில "அக்கா ப்ரீயா இருக்கக்குள்ள சொல்லுங்க" எண்டு போடுறதும் வேலைதான், அதைப் பார்த்த உடனே அவ மனசு வீட்டுக்கு வந்திரும்.

எங்க போறா, ஆரோட போறா எண்டு விசாரிக்காதீங்க. வளர்ந்த மனுசி. சில நாள் அவ எங்கயும் போக மாட்டா, அறையில படுத்துக்கிடப்பா, இல்லாட்டி கல்லடிப் பாலத்தில போய் காத்து வாங்கிக்கொண்டு இருப்பா. அப்ப "சும்மாதானே இருக்கிறீங்க, இந்த வெங்காயத்தை மட்டும் உரிச்சுத் தாங்களன்" எண்டு கேட்டா அந்த நாள் செத்திரும். அதே மாதிரி திங்கக்கிழமை விடிய ரெண்டு நாள் கோப்பையும் ரெண்டு நாள் உடுப்பும் அவவுக்காகக் குவிஞ்சு கிடக்கக்கூடாது. லீவை ஒரு கையால குடுத்து மத்தக் கையால எடுக்கிற வேலை அது.

காசுக் கணக்கு

லீவு நாளுக்கு சம்பளம் வெட்டக்கூடாது. மாசச் சம்பளம் எண்டா லீவும் அதுக்குள்ளதான். அளவுக்கு ஒரு அடிமட்டம் வேணுமெண்டா தேசிய குறைந்தபட்ச சம்பளத்தைப் பாருங்க, 2016ல 10,000 ரூபாயில தொடங்கினது, 2025 ஏப்ரல்ல 27,000, 2026 ஜனவரியில இருந்து 30,000. சாப்பாடும் இடமும் குடுக்கிறம் எண்டு சொல்லி இதில பாதியைக் குடுக்கிறது எனக்குச் சரியாப் படல்ல, ஏனெண்டா அவ வீட்டோட நிக்கிறது எங்கட வசதிக்குத்தான்.

ஒரு கட்டாயத்தில லீவு நாள் வேலை செய்ய வேண்டி வந்தா, அவ சம்மதிச்சா மட்டும், இப்பிடிக் கணக்குப் போடுங்க. 30,000ஐ 26 நாளால பிரிச்சா ஒரு நாளைக்கு 1,154 ரூபா. லீவு நாள் எண்டதால ஒன்றரை மடங்கு, 1,731, நாங்க 1,750 ஆக்கிக் குடுக்கிறம். இது மாசச் சம்பளத்துக்கு மேலால. ஆனா இதைப் பழக்கமாக்க வேணாம். காசு தேவைப்பட்ட ஆள் எல்லா ஞாயிறையும் வித்திருவா, ஆறு மாசத்தில உடம்பு விழும். அதால மாசத்தில ரெண்டு லீவாவது காசுக்கு மாத்த ஏலாது எண்டு கொப்பியிலேயே எழுதி வெச்சிருக்கிறம்.

ஈபிஎப் இல்லாததால அவட பேரில ஒரு சேமிப்பு அக்கவுண்ட் திறந்து குடுங்க, ஈபிஎப்க்கு முதலாளி போடுற 12 வீதத்தை அதில போடுங்க. 30,000க்கு மாசம் 3,600, வருஷத்துக்கு 43,200. பாங்க் புத்தகம் அவட்ட, ஏடிஎம் கார்ட்டும் அவட்ட. கோப்பை உடைஞ்சா, இடியப்பத் தட்டு தொலைஞ்சா சம்பளத்தில கழிக்காதீங்க. அட்வான்ஸ் குடுத்திருந்தா மாசம் எவ்வளவு கழிக்கிற எண்டு எழுதுங்க, கடனைக் காட்டி "முடிஞ்ச மறுகா போங்க" எண்டு ஆளைப் பிடிச்சு வைக்கிறது பெரிய பிழை.

இருக்கிற இடம், சாப்பாடு, போன்

உள்ளால பூட்டக்கூடிய கதவு, கட்டில், ஃபேன், உடுப்பு வைக்க ஒரு அலுமாரி. சாமான் அறையில நெல்லு மூட்டைக்குப் பக்கத்தில பாய் போட்டுக் குடுக்காதீங்க, ஹோலிலயும் வேணாம். நாங்க தின்னுற சோறு கறிதான் அவவுக்கும், அதே நேரத்தில, அதே மேசையில. அவ கீழ இருந்து சாப்பிடத்தான் விருப்பம் எண்டு சொன்னா உண்மையிலேயே விருப்பமா, பயமா எண்டு யோசியுங்க. எங்கட அக்கா மேசைக்கு வர நாலு மாசம் எடுத்தவ. போன் அவட சொத்து, ஐடென்டிடி கார்ட்டும் அப்பிடித்தான், "கவனமா நான் வெச்சிருக்கிறன்" எண்டு வாங்கி அலுமாரியில பூட்டாதீங்க. வீட்டுத் திறப்பு ஒண்டு அவட்ட இருக்கணும், வெளியால பூட்டிப்போட்டுப் போற பழக்கம் எங்கட ஊரில இன்னும் சில வீட்டில இருக்கு, நெருப்புப் பிடிச்சா அவ எங்கால போற?

பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுங்க அக்கா, மாமி எண்டு கூப்பிட. "வேலைக்காரி" எண்ட சொல்லு வீட்டில வரவே கூடாது. ஆனா முறை சொல்லிக் கூப்பிட்டா மட்டும் காணாது, இதையும் சொல்லத்தான் வேணும். "அவ எங்கட வீட்டு ஆள் மாதிரி" எண்டு சொல்ற வீட்டிலதான் நான் லீவே இல்லாத ஆக்களைக் கூடக் கண்டிருக்கிறன். குடும்பம் எண்டு சொல்லிச் சொல்லியே சம்பளமும் லீவும் கேக்க வெக்கப்பட வைக்கிறது நடக்குது.

காய்ச்சல் எண்டா படுக்க வேணும், சம்பளம் வெட்டாம. டெங்கு நடமாடுற காலத்தில ரெண்டு நாள் காய்ச்சல் விடல்ல எண்டா பெனடோலோட நிக்காம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் ரத்தம் சோதியுங்க. வருஷத்துக்கு 14 நாள் தனியா லீவு நாங்க குடுக்கிறம், பொங்கல், சித்திரை வருஷம், அவங்கட ஊர் கண்ணகி அம்மன் சடங்கு எல்லாம் அதுக்கு வெளியில. வைகாசியில சடங்கு வரக்குள்ள எங்கட வீட்டிலயும் சடங்குதான், வேலை கூடத்தான், ஆனா கோயில் கதவு திறக்கிற நாளில அவவுக்கும் அவட அம்மனைக் கும்பிட வேணும்.

நீங்களே வேலைக்கு நிக்கிற ஆள் எண்டா

சம்பளம் வாங்கின தேதியும் லீவு கிடைச்ச நாளும் கிடைக்காத நாளும் ஒரு சின்னக் கொப்பியில, இல்லாட்டி போனில குரல் பதிவா வெச்சிருங்க. கேக்கிறதெண்டா வீட்டில எல்லாரும் இருக்கிற நேரம், கோபமில்லாத நேரம், "எனக்கு ஞாயிறு வேணும்" எண்டு நாளைச் சொல்லிக் கேளுங்க. சும்மா "லீவு தாங்க" எண்டா "பார்ப்பம்" எண்டுதான் பதில் வரும். சம்பளம் நிண்டுபோனா தொழில் திணைக்களத்தின்ட மாவட்ட அலுவலகத்தில போய் விளக்கம் கேளுங்க, பிரதேச செயலகத்தில பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பா, சின்னக் காசுப் பிரச்சினைக்கு மத்தியஸ்த சபை இருக்கு, வழக்குக்குப் போற அளவெண்டா சட்ட உதவி ஆணைக்குழு. அடிச்சா, சூடு வெச்சா, கை போட்டா ஒரு நாளும் பொறுக்க வேணாம், பொலிஸ் 119, பெண்களுக்கான உதவி 1938, சின்னப் பிள்ளைகள் எண்டா 1929. பக்கத்து வீட்டுக்காரரும் இந்த நம்பரைப் போனில போட்டு வையுங்க.

வெளிநாட்டுக்குப் போறவங்களுக்கு

எங்கட மாவட்டத்தில இருந்து போற பெண்கள் இதைக் கட்டாயம் தெரிஞ்சிருக்கணும், லீவு அங்க இப்ப ஆரும் போடுற பிச்சை இல்ல. குவைத்தில 2015ஆம் ஆண்டு 68ஆம் இலக்கச் சட்டம் கிழமை லீவும் நாளைக்கு ஆகக்கூடினது 12 மணித்தியாலமும் எண்டு சொல்லுது. எங்கட அம்மா நிண்ட காலத்தில அது இல்ல. கத்தாரில 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி நாளைக்கு 10 மணித்தியாலம், கிழமைக்கு தொடர்ச்சியா 24 மணித்தியாலம் ஓய்வு, வருஷத்துக்கு மூண்டு கிழமை லீவு. டுபாய், அபுதாபியில 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி கிழமைக்கு ஒருநாள் சம்பளத்தோட லீவு, நாளைக்கு 12 மணித்தியால ஓய்வு, அதில எட்டு மணித்தியாலம் தொடர்ச்சியா. சிங்கப்பூரில 2013ல இருந்து கிழமை லீவு, 2023 ஜனவரியில இருந்து மாசத்தில ஒரு லீவையாவது காசுக்கு மாத்தவே ஏலாது, நாங்க கொப்பியில எழுதின ரெண்டு நாள் யோசனையும் அதைப் பார்த்துத்தான் வந்தது.

வெளிக்கிட முதல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில பதிஞ்சு போங்க, ஒப்பந்தத்தையும் பாஸ்போர்ட்டையும் போட்டோ எடுத்து வீட்டில நம்பிக்கையான ஒரு ஆளுக்கு வட்ஸ்அப்பில அனுப்புங்க, பணியகத்தின்ட 1989 நம்பர் வீட்டில இருக்கிறவங்களுக்கும் தெரிஞ்சிருக்கணும். வயசை ஏத்தி பாஸ்போர்ட் எடுக்க ஆரையும் விடாதீங்க. சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போன மூதூர் ரிசானா அப்பிடிப் போன பிள்ளைதான், 2013 ஜனவரி 9ல அங்க அவவுக்கு மரண தண்டனை குடுத்து உயிரை எடுத்தாங்க, அந்த நாள் கிழக்கில ஆருக்கும் மறக்காது.

வேலையை விட்டுப் போகக்குள்ள

ஒரு மாசம் முன்கூட்டிச் சொல்றது ரெண்டு பக்கத்துக்கும் பொருந்தும். போற அண்டைக்கே அதுவரைக்குமான சம்பளம், எடுக்காத லீவுக்கான காசு, நிண்ட ஒவ்வொரு வருஷத்துக்கும் அரை மாசச் சம்பளம், அதாவது 30,000 வாங்கினவ நாலு வருஷம் நிண்டா 60,000. பணிக்கொடைச் சட்டம் மத்தத் தொழிலாளருக்கு அஞ்சு வருஷம் முடிஞ்சாக் குடுக்கிற கணக்குத்தான் இது, வீட்டு வேலைக்கு முதல் வருஷத்தில இருந்தே குடுங்க, ஏனெண்டா ஒரு வீட்டில அஞ்சு வருஷம் நிக்கிறது எல்லாருக்கும் ஏலாது. வேலை தெரிஞ்ச ஆள், நேர்மையான ஆள் எண்டு ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வெச்சுக் குடுங்க, அடுத்த வீட்டில சம்பளம் கேக்க அது உதவும். உடுப்புப் பேக்கைத் திறந்து பார்க்காதீங்க. வீட்டுக்காரர் ஆராவது பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போய் ஏத்தி விட்டுட்டு வாங்க.